டப்பாவுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்

இல்ல சார், சாவு சேதி எல்லாம் இல்ல. என் மூஞ்சியப் பாத்தா அப்படியா தெரியுது? ஒரு நம்பர் வந்திருக்கு, அவ்வளவுதான். இதோ, இந்த போன்ல. பாருங்க. உங்களுக்குப் புரியாது, சும்மா பாருங்க. ஒரு வேலைக்கு மெஷின் எடுத்துக்கிட்ட நேரம் இது, எவ்வளவு சின்னதா இருக்கோ அவ்வளவு நல்லது. இது எவ்வளவு பெருசா வந்து உக்காந்திருக்கு பாத்தீங்களா? திங்கக்கிழமை இதைக் கொண்டுபோய் டைரக்டர் முன்னாடி வச்சேன்னா என் டீமையே இழுத்து மூடிடுவார்.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க, வேகுது. நீங்க பெரம்பலூரா? நான் திருச்சி. பாத்திரக் கடைன்னு சொன்னீங்கல்ல, உங்க தொழில் தேவலை சார். ஒரு குடத்தைத் தட்டிப் பாத்தா நல்ல குடமா ஓட்டைக் குடமான்னு தெரிஞ்சுடும். எங்க தொழில்ல தட்டிப் பாக்கறதுக்கே ஒரு பட்டாளம் வேணும். அந்தப் பட்டாளத்துல முக்கால்வாசிப் பேருக்கு எந்தப் பக்கம் தட்டணும்னே தெரியாது.

கம்பைலர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? பரவாயில்ல, என் ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரனும் கேள்விப்பட்டதோட சரி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் விதி எழுதுவான் இல்ல, வயசானவன்னா இவ்வளவு கட்டு, சிகரெட் குடிச்சா இன்னும் கொஞ்சம் கட்டுன்னு? அதை எழுதறதுக்குன்னே எங்க கம்பெனி ஒரு மொழி வச்சிருக்கு. அந்த மொழியில எழுதினதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் கொடுக்கற புரோகிராம்தான் கம்பைலர். அதை எழுதினது நான். கோதண்டம். தனி ஆளா எழுதினேன். இப்ப ஒரு பட்டனை வலது பக்கத்துலேருந்து இடது பக்கம் நகர்த்தறதுக்கு ஆறு பேர் மீட்டிங் போடறானுங்க.

அந்தக் கம்பைலர்தான் இத்தனை வருஷமா எங்க கம்பெனிக்கே சோறு போடுது. இதுல சுடர்க்கொடின்னு ஒரு பொண்ணு வந்து சேந்துச்சு. பட்டுக்கோட்டைப் பக்கம். வந்ததும் வராததுமா என் கம்பைலரைப் படிச்சுட்டு, "சார், இதை வேற மாதிரி எழுதினா இன்னும் வேகமா ஓடும்"னு சொல்லுது. எழுதும்மா, யார் வேணாம்னாங்கன்னேன். எழுதாதுன்னு நினைச்சேன். எழுதிடுச்சு. ஒன்றரை வருஷம் ராப்பகலா உக்காந்து முழுசா ஒரு புதுக் கம்பைலர். கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப் போட்டுச்சாம், இதை முடிச்சுட்டுத்தான்னு. எனக்குன்னா சிரிப்பா வந்துச்சு.

எங்க டைரக்டர் ஜெயசீலன் கூப்பிட்டார். "கோதண்டம், ரெண்டு கம்பைலருக்கு ரெண்டு டீம் வச்சு என்னால சோறு போட முடியாது. ஓட்டிப் பாருங்க. எது வேகமோ அது இருக்கட்டும், இன்னொண்ணைக் குப்பையில போடுங்க"ன்னார். யார் ஓட்டிப் பாக்கணும்? நான்தான். நீங்க என்ன முழிக்கறீங்கன்னு தெரியுது. போட்டியில ஒரு ஆளே நான்தான், நடுவரும் நான்தானான்னு கேக்கறீங்க. வேற யாருக்கு சார் தெரியும்? ஜெயசீலனுக்குத் தெரியுமா? அவருக்கு எக்செல்ல ஒரு வரியைச் சேக்கறதுக்கே ஆள் வேணும்.

அதுவுமில்லாம இதுல ஏமாத்து வேலை எதுவும் நடக்காது. ஏன்னா எல்லாம் கண்டெய்னருக்குள்ள. கண்டெய்னர்னா ஹார்பர்ல லாரியில போகுதே, அது இல்ல. இது மெஷினுக்குள்ள இருக்கற டப்பா. நான் டப்பான்னுதான் சொல்லுவேன். அந்தக் காலத்துல என்ன பண்ணுவானுங்க, புரோகிராம் எழுதிக் கொடுப்பான், இங்க போட்டா ஓடாது. கேட்டா, "என் மெஷின்ல ஓடுதே சார்"ம்பான். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்கு முடி கொட்டிப் போச்சு. அதுக்குத்தான் டப்பா. புரோகிராம், அதுக்கு வேண்டிய உப்பு புளி மிளகாய் எல்லாத்தையும் ஒரே டப்பாவுக்குள்ள போட்டு மூடிட வேண்டியது. எந்த மெஷின்ல வேணாத் திறங்க, உள்ள இருக்கறது அதேதான். கம்பைலரை அந்த டப்பாவுக்குள்ளயே கட்டி எழுப்பி, அங்கயே ஓட்டி, அங்கயே நேரம் பாக்கறது. அதுக்குப் பேரு பெஞ்ச்மார்க். வெளிய என்ன நடந்தாலும் சரி, டப்பாவுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான். இதை நான் ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி, பசங்க எனக்கே டப்பா சார்னு பேர் வச்சிருக்கானுங்க. வச்சுக்கட்டும். டப்பாவோட அருமை தெரியாத டப்பாப் பசங்க.

ஓட்டறதுக்குன்னே ஒரு மெஷின் இருக்கு. தனி ரூம், தனிப் பூட்டு. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு அவசரத்துக்கு வாட்ச்மேன்கிட்ட. ஆளுயரத்துல பாதி இருக்கும் மெஷின், கறுப்பா, கம்பீரமா. ஐராவதம்னு பேர் வச்சிருக்கேன். அந்த ரூமுக்குள்ள நான் யாரையும் விடறதில்ல. கையில பிஸ்கட்டோட வருவானுங்க சார், கம்ப்யூட்டர் படிச்சவனுங்க!

போன வருஷம் இது. என்னோட கம்பைலரை ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே ஓட்டி நம்பர் எடுத்து வச்சுட்டேன். அருமையான நம்பர். அந்தப் பொண்ணோடதை விஜயதசமி அன்னைக்கு ஓட்டலாம்னு நான்தான் சொன்னேன். நல்ல மனசோடதான் சொன்னேன் சார். விஜயதசமியில ஆரம்பிச்ச காரியம் விளங்கும்னு எங்க வீட்டுல எல்லாத்தையும் அன்னைக்குத்தான் தொடங்குவோம். போட்டிக்காரியாச்சேன்னு நான் ஒரு நாளும் வஞ்சகம் நினைச்சதில்ல.

ஆயுத பூஜைன்னா எங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவானுங்க தெரியுமா? லேப்டாப் மூடியில ஒரு குங்குமப் பொட்டு, ஒரு பாக்கெட் பொரி, ஒரு செல்ஃபி. முடிஞ்சுது பக்தி. எனக்கு அது ஆகாது. எங்கப்பா லேத் பட்டறை வச்சிருந்தவர். பூஜைன்னா பூஜையா இருக்கணும். கோயம்பேட்டுக்கு நானே போய், சாமந்தியும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டின மாலை, என் தொடை தண்டிக்கு இருக்கும், வாங்கிட்டு வந்தேன். ஐராவதத்தை அணைச்சு, துடைச்சு, மேல இருந்து கீழ வரைக்கும் பட்டு வேட்டி சுத்தி, அதுக்கு மேல மாலையை முன்னாடியும் பின்னாடியும் இறுக்கிக் கட்டினேன். முன்பக்கம் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும், அது நெத்தி மாதிரி. வேட்டியை அந்த இடத்துல விலக்கி, அதுல சந்தனத்தைக் குழைச்சுப் பட்டையா அப்பினேன். கோயில் யானை தோத்துது போங்க. மறுநாள் வேலையைத் தொடங்கலாம், ஆனா மாலையைக் கழட்டக் கூடாது. எங்கப்பா தொட மாட்டார். தானா காஞ்சு உதிரணும்.

மறுநாள் நல்ல நேரம் பாத்து, கற்பூரம் காட்டி, அந்தப் பொண்ணோட டப்பாவை ஓட்டி விட்டேன். கம்பைலரைக் கட்டி எழுப்பறதுக்கே மெஷின் மூச்சு வாங்கும், அது தெரிஞ்சதுதான். ஆனா அன்னைக்கு என்ன சத்தம்ங்கறீங்க! உள்ள இருக்கற ஃபேன் எல்லாம் ஹோன்னு அலறுது. ரூமுக்கு வெளிய நின்னாக் கேக்குது. என் கம்பைலர் ஓடினப்போ இந்தச் சத்தம் உண்டா? பூனை மாதிரி ஓடுச்சு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆஹா, இவ எழுதினது மெஷினையே திணற அடிக்குதுடான்னு. நம்பரும் வந்துச்சு. என்னோடதுல பாதி வேகம்கூட இல்ல. பாதிகூட இல்ல சார்! என்ன பேச்சுப் பேசுச்சு!

ரிசல்ட்டைப் பாத்துட்டு அது என் சீட்டுக்கு ஓடி வருது. "சார், எங்கயோ தப்பு நடந்திருக்கு. என் மெஷின்ல இதைவிட மூணு மடங்கு வேகமா ஓடுது சார்."

சொல்லிடுச்சு பாத்தீங்களா! என் மெஷின்ல ஓடுது! எந்த வார்த்தையைக் கொல்றதுக்கு டப்பாவைக் கண்டுபிடிச்சானோ அதே வார்த்தை! நான் சீட்டை விட்டு எந்திரிக்கவே இல்ல. "ஏம்மா சுடர், டப்பாவுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான். உன் மெஷின் என்ன, என் மெஷின் என்ன?"ன்னேன். சுத்தி இருந்தவன் எல்லாம் சிரிச்சான்.

"இல்ல சார், உங்களோடதையும் என்னோடதையும் ஒரே நாள்ல மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்கலாம் சார். ஒரு தடவை உங்களோடது, ஒரு தடவை என்னோடது. ஒரே ஒரு நாள் போதும் சார்." கெஞ்சுது.

மாத்தி மாத்தி ஓட்டறதாம். இது என்ன பல்லாங்குழியா? நல்லாப் படிக்காத பிள்ளைதான் சார் மறுபரீட்சை கேக்கும். ஒரு தடவை வச்ச பரீட்சை வச்சதுதான், அடுத்த தடவை உழைச்சுப் படிம்மான்னுட்டேன். அது அழலை. அழுதிருந்தாக்கூட நான் இரக்கப்பட்டிருப்பேன், நான் அப்படிப்பட்டவன்தான். அது போய் உக்காந்து, தன்னோட கம்பைலரை முதல் வரியிலேருந்து படிக்க ஆரம்பிச்சுது. ஒரு வாரம் படிச்சுது. எங்க மெதுவாகுதுன்னு தேடுது, தேடுது, கிடைக்கல. எப்படிக் கிடைக்கும்? மொத்தமே மெதுவா இருந்தா எந்த இடம்னு காட்டும்?

கடைசியில அதுவே வந்து ஒத்துக்கிச்சு சார். இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது. "நீங்க சொன்னது சரிதான் சார். தப்பு என்னோடதுதான். எங்கன்னுதான் தெரியலை. எனக்கு இந்த வேலை வராது போல இருக்கு"ன்னுச்சு. வாயைத் திறந்து சொல்லிச்சு. நானா சொல்ல வச்சேன்? ஜெயசீலன் அந்தக் கம்பைலரைத் தூக்கிக் குப்பையில போட்டார். பொண்ணு ரெண்டு மாசத்துல ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுச்சு. இப்ப ஏதோ ஒரு பேங்க்ல, பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு போன் பண்றவனுக்கெல்லாம் பதில் சொல்ற வேலையாம். கம்பைலர்ங்கற பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுதாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான். சொல்லும்போது என்னையே பாத்துக்கிட்டுச் சொன்னான், நான்தான் ஏதோ கையப் பிடிச்சு வெளிய தள்ளின மாதிரி. தகுதி இல்லாத இடத்துல ஆசைப்பட்டா அப்படித்தான் சார் ஆகும்.

சரி, என் கதைக்கு வரேன். இந்த வருஷம் இன்சூரன்ஸ்காரன் ஒரே புலம்பல். விதிகள் ரொம்பப் பெருகிப் போச்சாம், கம்பைலர் மெதுவா இருக்காம். நன்றி கெட்டவன். ஜெயசீலன் என்னைக் கூப்பிட்டு, "போன வருஷ நம்பரைவிட வேகமாக் காட்டுங்க, இல்லைன்னா வெளிய ஒருத்தன்கிட்ட வாங்கிக்கறேன், உங்க டீமை மூடிடறேன்"ங்கறார். என்கிட்ட! சோறு போட்டவன்கிட்ட! வேற வழி இல்லாம மாசக்கணக்கா உக்காந்து புதுசா மாத்தி எழுதினேன். வேகமாத்தான் சார் எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா? நேத்து ஆயுத பூஜை. இன்னைக்கு விஜயதசமி. காலையில நல்ல நேரத்துல வீட்டுல இருந்தே லேப்டாப் வழியா ஆபீஸ்ல இருக்கற ஐராவதத்துல ஓட்டி விட்டுட்டு, நம்பர் போனுக்கு வர்ற மாதிரி வச்சுட்டு பஸ் ஏறினேன். வந்திருக்கற நம்பரைத்தான் பாத்தீங்களே. போன வருஷம் பழைய கம்பைலர் எடுத்ததைவிட மோசம். மாத்தி எழுதினது மெதுவா ஓடுதாம்! என் டீம்ல எவனோ நடுவுல புகுந்து எதையோ கெடுத்து வச்சிருக்கான். நாலு பேர் இருக்கானுங்க, நாலும் தண்டம்.

என்ன, பஸ் நிக்குது? ஸ்டாப்பு எதுவும் இல்லையே இங்க. உளுந்தூர்பேட்டையே இன்னும் வரலை. ஏங்க கண்டக்டர், என்னாச்சு? சூடாயிடுச்சாமே? பாருங்க, இதான் நம்ம ஊர் லட்சணம். இருங்க, இறங்கிப் பாத்துட்டு வரேன். நீங்களும் வாங்க, சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க.

அட கிறுக்குப் பசங்களா! பாத்தீங்களா சார், பாத்தீங்களா? நேத்து பூஜை போட்டிருக்கானுங்க பஸ்ஸுக்கு. மூஞ்சி பூரா மாலை. நடுவுல ஒரு பேனரு. ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு. ரேடியேட்டர் எங்க இருக்குன்னே தெரியலை! ஏன்யா டிரைவர், உனக்கு அறிவு வேணாம்? காத்து எது வழியாய்யா உள்ள போகும்? எஞ்சின் சூடு எங்கய்யா போகும்? பக்தி இருக்கட்டும், யாரு வேணாங்கறா. மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா எதுய்யா ஓடும்? என்ன, டிப்போவுல கட்டினாங்களா? அவங்க கட்டினா உனக்குக் கண்ணு எங்க போச்சு? கழட்டு, கழட்டு. அப்படியே பிச்சுப் போடு. என்னது, சாமி குத்தமா? சாமியாய்யா உன்னை ரேடியேட்டர்ல கட்டச் சொல்லுச்சு?

ஏறுங்க சார், தண்ணி ஊத்திட்டான், கிளம்பிடுவான். ஒரு மாலை. அத்தனை பேரும் வெயில்ல நிக்கணும், ஒரு மாலைக்காக. இப்பப் பாருங்க, எப்படிப் போகுது! அதே எஞ்சின், அதே டிரைவர். ஏறினதுலேருந்து இந்த வேகத்துல போனதா? கட்டை வண்டி மாதிரி வந்துச்சு, நானும் வண்டிதான் ஓட்டை போலன்னு நினைச்சுட்டேன். வண்டி மேல ஒரு தப்பும் இல்ல.

என்ன சார்? ஏன் அப்படிப் பாக்கறீங்க?

ஆமா. ஐராவதத்துக்கு மாலை போட்டிருக்கேன். நேத்துதான் போட்டேன். போன வருஷத்தைவிடப் பெருசு.

அது வேற சார். அது கம்ப்யூட்டர். இது பஸ்ஸு. அது டப்பாவுக்குள்ள ஓடுது, டப்பாவுக்குள்ள எல்லாம் ஒண்ணு... ஆமா, டப்பா மெஷினுக்குள்ளதான் இருக்கு. வேற எங்க இருக்கும்? மெஷினுக்கும் சூடு உண்டுதான். யாரு இல்லைன்னா? சூடு ஏறினா அதுவா வேகத்தைக் குறைச்சுக்கும், எரிஞ்சு போகாம இருக்க. அது எனக்குத் தெரியாதா? நீங்க பாத்திரம் விக்கறவர், நீங்க எனக்குச் சொல்றீங்களா?

கொஞ்சம் பேசாம இருங்க.

வாட்ச்மேனுக்கு ஒரு போன் போட்டாப் போதும்தான். சாவி இருக்கு அவன்கிட்ட. மாலையை எடுத்துடு, வேட்டியை உருவிடு, சந்தனத்தைச் சுரண்டி விடுன்னா அஞ்சு நிமிஷத்துல பண்ணிடுவான். நான் இங்க இருந்தே மறுபடி ஓட்டி விட்டா திருச்சி போறதுக்குள்ள நம்பர் வந்துடும். இறங்கிடும் சார். நல்லா இறங்கிடும். திங்கக்கிழமை ஜெயசீலன் மூஞ்சியில அடிச்ச மாதிரி கொண்டுபோய் வைக்கலாம். போட்டுடலாம். இதோ, வாட்ச்மேன் நம்பர். ரிங் போகுது.

இறங்கிடுச்சுன்னா?

மாலையை எடுத்ததும் இறங்கிடுச்சுன்னா, போன வருஷம் அந்தப் பொண்ணு நம்பர்... மாத்தி மாத்தி ஓட்டச் சொல்லுச்சு சார். ஒரே ஒரு நாள் போதும்னுச்சு.

ஹலோ. ஆமாய்யா, கோதண்டம்தான். ஒண்ணும் இல்ல. சும்மாதான் பண்ணேன். அந்த ரூம் பூட்டியிருக்கு இல்ல? யாரும் உள்ள போகலையே? சரி. மாலையை யாரும் தொட வேண்டாம். ஆமா, தானா காயட்டும். வச்சுடறேன்.

என்ன சார் பாக்கறீங்க? அந்த ஜன்னலைச் சாத்துங்க. காத்து ரொம்ப வருது.